இருபத்தைந்தில் ஒன்று

பீடோர் போலீஸ் நிலையத்து மரப்பெஞ்சில்
நாற்பத்திரண்டாம் எண்ணை மூன்று தடவை கூப்பிட்டார்கள்.
பெரியண்ணன் எழவில்லை.
மடியில் சாரத்தில் சுற்றிய துப்பாக்கி,
சட்டைப்பையில் இந்த வருடத்து லைசென்சுக்கான பணம்.
எண்ணிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது.

"தூங்குறாருன்னு நெனச்சேன்" என்றார் சார்ஜன் ரொஸ்லி,
தமிழில். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

முப்பத்தோரு வருடம்
அவருடைய மனுக்களை நான்தான் தட்டச்சு செய்தேன்,
பஸ் நிலையத்துக்குப் பின்னால், பக்கத்துக்கு மூன்று வெள்ளி,
கார்பன் தாளுக்குத் தனிக் காசு.
மாவட்ட அதிகாரிக்கு, பெரிய போலீஸுக்கு, மந்திரிக்கு,
மந்திரி மாறினால் புது மந்திரிக்கு, தேதியை மட்டும் மாற்றி.

"பன்னிக்கு மனுப் போட முடியாது தம்பி.
அதான் துவானுக்குப் போடுறேன்."

ஒரே இரவில் நூற்றுப்பத்து செம்பனைக் கன்றுகளைக்
குருத்தோடு கிளறிப் போட்ட கதை
ஒவ்வொரு மனுவிலும் முதல் பத்தியாக வரவேண்டும்.
பத்து வருடத்தில் அது நூற்றைம்பது ஆயிற்று.
நான் திருத்தவில்லை.

எஸ்டேட் மானேஜருக்கு இரண்டு துப்பாக்கி,
நாலு ஏக்கர்க்காரனுக்குத் தகரமும் கம்புமா?
அவர் அப்பா காலத்தில், அவசரகாலத்தில்,
மடியில் ஒரு தோட்டா இருந்தால் கயிறு.
"நெலத்த எழுதி வைக்கல, அந்தப் பயத்த எழுதி வச்சிட்டுப் போனாங்க"
என்பார், டீயைச் சாசரில் ஊற்றிக்கொண்டு.

பதினேழு பேருக்கு லைசென்சு வாங்கிக் கொடுத்தார்.
பதினேழில் ஒருவர்
கண்ணாடி போடாமல் பன்றிக்குப் போன ஒரு விடியலில்
மரம் சீவிக்கொண்டிருந்த என் தம்பி தண்ணிமலை
குனிந்தான்.
வெளிச்சம் வந்துவிட்டதென்று
தலைவிளக்கை அப்போதுதான் அணைத்திருந்தான்.
மூன்று ரவைகள் இன்னும் வலது தோளுக்குள்.
மழை வருவது எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.

மறுவாரம் பெரியண்ணன் கடை வாசலில் நின்றார்.
உள்ளே வரவில்லை.
கையில் அடுத்த மனு.
நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை.
நான்தான் எழுந்துபோய் வாங்கினேன்.
ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.
ஆறு வெள்ளி. எண்ணி வாங்கினேன்.

இப்போது கூடத்தில் அவர் கிடக்க
சார்ஜன் தோட்டாக்களை எண்ணுகிறார்.
புத்தகத்தில் இருபத்தைந்து,
பெட்டியில் இருபத்து நான்கு.
லைசென்சு ஆளோடு முடிந்துவிடும்,
கணக்கு முடியாது.
"மன்னிக்கணும் அம்மா, சேராம எழுத முடியாது."

தப்படிக்க வந்தவர்கள் மறுபடி டீ குடித்தார்கள்.
அரிசிப் பீப்பாய், சாமி மேடை, கோழிக்கூண்டு,
மழைக்கோட்டின் உள்பை, மனு நகல்கள் அடுக்கிய
பிஸ்கட் டின்கள் ஒன்பது.
ஐஸ் உருகி வாசல்வரை வந்துவிட்டது.

அஞ்சலையம்மா எழுந்தார்.
தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து
சிவப்புக் கூடு ஒன்றைக் கொண்டுவந்தார்,
பித்தளை அடி தேய்ந்து, வாய்க்குப் பஞ்சு அடைத்து.
உள்ளே அவருடைய ஊசிகள்.

"இதான். சுட்டது. நான் கேட்டேன், குடுத்தாரு."
"பன்னியா?"
"பன்னியா! வானத்தப் பாத்துச் சுட்டாரு.
அந்த ஒரு தடவதான்."

எந்த வருடம் என்று சார்ஜன் கேட்டார்.
அம்மா பதில் சொல்லவில்லை,
என்னைப் பார்த்தாரா என்பதும் நிச்சயமில்லை.
நான் நாளிதழை விரித்துக் கொடுத்தேன்.
அதில் ஊசிகளைக் கொட்டினார். ஏழு.
கூட்டை உறையில் போட்டு, ஒட்டி,
என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பதினேழில் நாலு பேர்தான் வந்திருந்தார்கள்,
அதில் இருவர் கைத்தடியோடு.
பாடைக்கு ஆள் குறைந்தது.
தண்ணிமலை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்,
யாரையும் கேட்காமல்
இடது தோளைக் கொடுத்தான்.

வெயில் அப்படி அடித்தது,
ஒரு மேகம் கிடையாது.

"வெரசா நடங்க" என்றான்,
"மழ வருது."